கம்பியில்லாத காது

பசி வந்தால் தவசிமுத்துவுக்கு இடது தோள் வலிக்கும். பன்னிரண்டு வருஷம் மில்லில் பஞ்சு பேல் சுமந்த தோள். மில்லை மூடிய பிறகு ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ‘தனியார் துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டினார். சுமை இறங்கிவிட்டது. வலி மட்டும் இன்னும் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வன்னியம்பட்டிக்கு ரோடு பிரியும் விலக்கில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டார்.

“அண்ணாச்சி, வடை வாசன இங்க வரைக்கும் வருது,” என்றாள் ஜெயபாய். அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவள். அங்கே ஊராரின் சண்டையையெல்லாம் கேட்டுக் கேட்டு அவள் வாய்க்கும் பழக்கமாகிவிட்டது.

“வாசனைய மட்டும் பிடி. காசு பஸ்ஸுக்கு வேணும்.”

“நல்ல துப்பறியும் நிலையம். சாப்பாடு எங்கன்னுதான் மொதல்ல துப்பு துலக்கணும்.”

சிரிக்க வேண்டிய மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. இசக்கியம்மாள் புளியமரத்தடியில் நின்றாள். விடியும் முன்பே வந்து சைக்கிள் கடைப் படியில் காத்துக் கிடந்தவள் அவள்தான். அவள் புருஷன் பொன்னுராஜ், பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி அப்துல் ஹமீதிடம் டிரைவர். இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான்.

முந்தாநாள் மத்தியானம் ஹமீதின் எட்டு வயது மகள் அசீனா பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேரவில்லை. அழுகை, கூச்சல் எதுவும் கேட்கவில்லை. தெரிந்த ஆளோடு கையைப் பிடித்துக்கொண்டு போனதாகப் பேச்சு. ராத்திரி போன் வந்தது. வன்னியம்பட்டி விலக்கில் பணப்பையைக் கொடுத்தால் பிள்ளை. நேற்று சாயங்காலம் ஹமீது காரில் போனார். வண்டியை ஓட்டியது பொன்னுராஜ். இருட்டும் வரை காத்திருந்தும் யாரும் வரவில்லை. வீடு திரும்பியதும் மறுபடி போன்: நாலு போலீஸ் வந்தது தெரியும், நாளைக்குச் சாயங்காலம் கடைசி.

கூட இருந்தவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று பொன்னுராஜைப் பிடித்துப் போனார்கள்.

“ஸ்டேஷன் ஜன்னல் வழியாப் பாத்தேன் அண்ணாச்சி,” என்றாள் இசக்கியம்மாள். “தண்ணி கிளாஸ ரெண்டு உள்ளங்கையிலயும் அணைச்சுப் பிடிச்சுக் குடிக்காரு. வெரலு மடங்கல. இன்னைக்கும் பிள்ளை வரலன்னா அவர என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியும்.”

தவசிமுத்து டீக்கடைக்காரர் வேல்சாமி பக்கம் திரும்பினார். “நேத்து சாயங்காலம் இங்க போலீசு இருந்ததா?”

“மப்டியில இருந்தாக. புது லுங்கி, மடிப்புக்கூடக் கலையல. காலுல பிரவுன் பூட்ஸ். லுங்கிக்கு எவன் பூட்ஸ் போடுதான்?”

“எத்தன பேரு?”

“ரெண்டு.”

“நாலு இல்ல?”

“காசு குடுக்காமப் போனவன மறப்பனா? ரெண்டு டீ, ரெண்டு பேரு. மத்தவிய எல்லாம் ஆடிப்பூரத் தேர் பந்தோபஸ்துக்குப் போயாச்சுன்னு அவியளே பொலம்பிக்கிட்டு இருந்தாக.”

தவசிமுத்து எழுந்தார். தோள் வலி கொஞ்சம் மறந்த மாதிரி இருந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹமீதின் வீட்டுக்குள் பெண்கள் கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹமீது சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். வாசலில் இசக்கியம்மாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இவ எதுக்கு இங்க?”

“என்னக் கூட்டிட்டு வந்தது அவங்கதான் பாய்,” என்றார் தவசிமுத்து. “நேத்து ராத்திரி வந்த போன்ல அவன் என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

ஹமீது கண்ணை மூடிக்கொண்டார். “‘நாலு போலீச லுங்கி கட்டி டீக்கடையில உக்கார வச்சிருக்கீகளே பாய்? நாளைக்குத்தான் கடைசி. போலீசு வந்தா பிள்ளைய மறந்துருங்க. தயிரு குடுக்கல, மாத்திரை நேரத்துக்குப் போடுறோம், இழுப்பு வரல.’ அம்புட்டுதான்.”

“தயிரு?”

“அசீனாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. தயிர் ஆகாது. டாக்டர் குடுத்த மாத்திரை அவ ஸ்கூல் பையிலயே கெடக்கும். இது பொன்னுராஜுக்குத் தெரியும். ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறவன் அவன். அதச் சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் கிட்ட…” ஹமீது நிறுத்திக்கொண்டார்.

“அவன் பேரச் சொன்னது நீங்களா?”

ஹமீது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாய், டீக்கடையில இருந்தது ரெண்டு போலீசு. நாலு இல்ல.”

“இன்ஸ்பெக்டர் நாலு பேருன்னுதான் எங்கிட்டச் சொன்னாரு.”

“எப்பச் சொன்னாரு?”

“நேத்துக் காலையில. போன்ல.”

“பொன்னுராஜ் அந்த இடத்துல உக்காந்து கண்ணால பாத்தவன். அவன் சொல்லியிருந்தா ரெண்டுன்னு சொல்லியிருப்பான். நாலுன்னு சொன்னவன் டீக்கடையப் பாக்கல. ஒங்க போனக் கேட்டிருக்கான்.”

ஹமீது ஓதுகிற பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நடக்காது,” என்றார் ஹமீது. “வீடு பூரா ஆளுங்கன்னு போன எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். ஒரு காக்கா கூட இல்ல.”

“போன எடுத்துக்கிட்டா?” ஜெயபாய் நிமிர்ந்தாள். “கம்பி எம்புட்டு நீளம்?”

“கம்பியே இல்லம்மா. கார்ட்லெஸ்.”

அது கூடத்து மேஜையில் இருந்தது. அடிக்கட்டையில் செருகிய கருப்பு போன், அதற்கு ஒரு முழ ஏரியல். துபாயிலிருந்து வந்து ஒரு வருஷமாகியும் மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாள் உரிக்கப்படாமல் இருந்தது. ஜெயபாய் கையில் எடுத்ததும் ஹமீதின் மனைவி ஹபீபுன்னிசா ஓதுவதை விட்டுப் பதறி வந்தாள்.

“தாளக் கிழிச்சிராதம்மா! எந்தம்பி வாங்கியாந்தது, ஃபாரின்.”

“கிழிக்கலக்கா, தூக்கித்தான் பாக்கேன்.” அடிக்கட்டையைக் கவிழ்த்தாள். தாளுக்கு அடியில் அரிசி அளவில் வரிசையாக வெள்ளைப் பொத்தான்கள். எல்லாம் ஒரே பக்கம் தள்ளியிருந்தன. “அண்ணாச்சி, இது பூட்டு. இந்தப் பொத்தான முன்னயும் பின்னயும் தள்ளி நம்ம நம்பரு வச்சுக்கணும். போனுக்குள்ளயும் அதே மாதிரி. அப்பத்தான் இந்தப் போன் இந்தக் கட்டைய மட்டும் கேக்கும். இவிய கடையில இருந்து வந்த மேனிக்கே வச்சிருக்காக. பூட்டு வாங்கி, சாவியையும் பூட்டுலயே தொங்க விட்ட கதை.”

“அப்ப வேற போன் கேக்குமா?”

“இதே கம்பெனி, இதே மாடலு, இதே மேனிக்குக் கெடந்தா கேக்கும். பூத்துல ஒரு தடவ பக்கத்து வீட்டுக்காரம்மா மாமியாரத் திட்டுனத நான் முழுசாக் கேட்டிருக்கேன். நல்ல திட்டு. பாதிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.”

“மாடியில நின்னு பேசுனா?”

“மாடியில நின்னா இன்னும் தெளிவாக் கேக்கும். ரகசியம் பேசணும்னு மைக் செட்டு முன்னாடி போய் நின்னிருக்காரு.”

ஹமீது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தவசிமுத்து ஹபீபுன்னிசாவிடம் கேட்டார்: “ஒங்க தம்பி இத ஒண்ணுதான் வாங்கியாந்தாரா?”

“ஒண்ணு எப்பிடி வாங்குவான்? எனக்கு ஒண்ணுன்னா எந்தங்கச்சி மெகராஜுக்கும் ஒண்ணு. சேலைன்னா ஒரே கலரு, வளையல்னா ஒரே டிசைனு. ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் ரெண்டு வீட்டுலயும் ஆறு மாசத்துக்குப் பேச்சு இருக்காது. கடைக்காரங்கிட்டச் சொல்லி ரெண்டையும் ஒரே பெட்டியில இருந்து எடுத்தாந்தான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆனா அவ வீட்டுல போனே கெடையாது. எழுதிப் போட்டு வருஷக்கணக்கா லைனுக்குக் காத்துக் கெடக்காக. அது சும்மா ஷோகேஸ்லதான் இருக்கு.”

“வீடு எங்க?”

“கொல்லச் சுவருக்கு அந்தப் பக்கம்.”

ஜெயபாய் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். “இந்தப் பொத்தான இப்பவே மாத்திருவா அண்ணாச்சி?”

“மாத்தாத. பூட்டுனா அந்தக் காது செவிடாயிரும். நமக்கு அது வேணும்.”

*

மெகராஜ் பேகத்தின் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. பின்கட்டில் நான்கு தறிகள் கோணி போர்த்திக் கிடந்தன. அவள் கணவன் அகமது கபீர் கூடத்தில் அழுதுகொண்டிருந்தான். அந்தத் தெருவிலேயே அதிகமாக அழுதது அவன்தான்.

“எம்மடியில வளந்த பிள்ளை,” என்றான். “எனக்குப் பிள்ளை இல்லாத கொறைய அவதான் தீத்தா.”

“தறி ஓடலயா?”

“சகலைதான் நூல் குடுத்து நெய்ய வச்சாரு. போன மாசத்தோட நிறுத்திட்டாரு. யாவாரம் அப்பிடி.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அவர நான் கொற சொல்ல மாட்டேன்.”

மெகராஜ் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். தவசிமுத்து ஷோகேஸைப் பார்த்தார். பீங்கான் கிளிக்கும் மக்கா படத்துக்கும் நடுவில் அதே கருப்பு போன். அதே உரிக்காத தாள். பிளக் மட்டும் சுவரில் சொருகியிருந்தது.

மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். தெருமுனை பூத்திலிருந்து ஜெயபாய் ஹமீது வீட்டு நம்பரைச் சுழற்ற வேண்டிய நேரம்.

கொல்லைச் சுவருக்கு அப்பால் போன் மணி அடித்தது.

ஷோகேஸில், லைனே இல்லாத அந்தப் போனின் சிவப்பு விளக்கு மினுக்கியது. அங்கே ஒரு மணி, இங்கே ஒரு மினுக்கு. சத்தம் வரவில்லை. மணியை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அழகுக்கு வைத்த பொருளின் மணியை எவரும் நிறுத்த மாட்டார்கள்.

கபீர் கைலியில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் தவசிமுத்து ஜெயபாயிடம் சொன்னார்: “அவன்தான். இப்ப இன்ஸ்பெக்டர் கிட்டச் சொன்னா ஷோகேஸத்தான் அள்ளிட்டுப் போவாக. பிள்ளை எங்கன்னு தெரியாது. அவனே நமக்கு வழி காட்டணும்.”

“எப்பிடி? வாங்க மச்சான், போவோம்னா வந்துருவானா?”

“தயிரு குடுக்கல. மாத்திரை நேரத்துக்குப் போடுதான். பிள்ளை மேல உசிரு. அந்த உசிரப் பிடிச்சு இழுப்போம்.”

ஹமீதின் வீட்டுக்குத் திரும்பி, செய்யப்போவதைத் தவசிமுத்து சொன்னதும் ஹமீது எழுந்து நின்றார். “ஒங்க கணக்குத் தப்பாப் போனா? சாயங்காலம் பணம் குடுக்கணும், தெரியும்ல?”

“தப்பாப் போனா போலீசு இல்லாமப் பணத்தக் கொண்டு குடுங்க. நான் குறுக்க வரல.” வாசலில் நின்ற இசக்கியம்மாளைப் பார்த்தார். “அதுக்குள்ள அங்க ஒருத்தன் அடிபட்டுக்கிட்டு இருக்கான் பாய். அதையும் கணக்குல சேருங்க.”

ஹமீது போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

*

மணி அடித்தது. பூத்தில் ஜெயபாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அசீனா அத்தாவா? டாக்டர் கிளினிக்ல இருந்து நர்ஸ் பேசுறேன். போன வாரம் குடுத்த மாத்திரை மாறிப்போச்சு சார். அது பெரிய ஆளுக்குக் குடுக்கிறது. இன்னைக்கு சாயந்தர வேளை போட்டா மூச்சே அடைச்சிரும். ஒடனே நிறுத்துங்க.”

“எம்பிள்ளை எங்கிட்ட இல்லையேம்மா!” ஹமீதின் குரல் உடைந்தது. நடிப்புக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. “எவன் வச்சிருக்கானோ, அவங்கிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்?”

ஜெயபாய் போனை வைத்துவிட்டு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. “இந்தப் பாவம் எந்தக் கணக்குல போகும் அண்ணாச்சி?”

“எங்கணக்குல எழுது.”

தவசிமுத்து கபீர் வீட்டு முன்வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். இசக்கியம்மாள் தன் சொந்தக்காரன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லியிருந்தாள். கதவு திறந்தது. கபீர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தவசிமுத்து ஓரடி எடுத்து வைத்தார்.

கபீர் நேராகப் பள்ளிவாசலுக்குள் போனான். கை கால் கழுவித் தொழுகைக்கு நின்றான்.

அசையவே இல்லை.

தவசிமுத்து எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார். கணக்குத் தப்பு. காது இவனுடையது இல்லை. அல்லது இவனுக்குப் பிள்ளை மேல் உசிரு இல்லை. இரண்டில் எதுவானாலும் பொழுது போய்க்கொண்டிருந்தது. அங்கே பொன்னுராஜுக்கு மிச்சமிருக்கிற விரல்கள்…

“அண்ணாச்சி,” ஜெயபாய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பின்சந்து!”

சந்திலிருந்து மெகராஜ் பேகம் ஓடி வந்தாள். துப்பட்டி பாதி தோளில், பாதி தரையில். வாசலுக்குக்கூடச் செருப்பு இல்லாமல் வராதவள். வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த மினி பஸ்ஸின் பின்கம்பியை எட்டிப் பிடித்தாள். கண்டக்டர் சத்தம் போட்டான். அவள் காதில் ஏறவில்லை.

பஸ்ஸில் எழுதியிருந்தது: சுந்தரபாண்டியம்.

“கேக்கிறது ஆம்பளையாத்தான் இருக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்றபடி ஜெயபாய் ஆட்டோவில் ஏறினாள்.

*

ஊரை ஒட்டிய வயலோரம் மூடிய தறி ஷெட். மெகராஜ் தகரக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

“சோணைமுத்து! தொற! மாத்திரை குடுத்துட்டியாலே? சொல்லு! குடுத்துட்டியா?”

கபீரின் தறியில் முன்பு வேலை பார்த்த சோணைமுத்து கதவைத் திறந்து விழித்தான். “இன்னும் இல்லம்மா. சோறு தின்னுட்டுப் போடலாம்னு…”

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். அழக்கூட மூச்சு இல்லை. பின்னால் ஆட்டோ வந்து நின்றதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அசீனா பேண்டேஜ் துணியைப் பொம்மைக்குத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். “சின்னம்மா, கல்யாண வீட்டுக்கு அத்தா வந்துட்டாங்களா?”

தவசிமுத்து குனிந்து பிள்ளையின் மார்பில் காது வைத்துக் கேட்டார். இழுப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் மெகராஜிடம் திரும்பினார்.

“மாத்திரை நல்ல மாத்திரைதாம்மா. பொய் சொன்னது நாங்க.”

அவள் அவரை வெறித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். “அல்லாவே, நல்லதாப் போச்சு,” என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

“மொதல்ல அக்கா என்னப் பத்தி என்ன பேசுறான்னு கேக்கத்தான் எடுத்தேன். பொறவு பழகிப்போச்சு. ஒருநாள் மச்சான் எவங்கிட்டயோ பேசுதாரு: ‘கபீர நூல் குடுக்காம ரெண்டு மாசம் காயப்போடு. தறிய பழைய இரும்பு வெலைக்குத் தானாக் கொண்டாந்து தருவான்.’ இத நான் எங்கிட்ட வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் மொகத்தப் பாத்துச் சோறு போட்டேன். அவரு ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பாரு. தறி எண்ணெய் டப்பாவையே பாத்துக்கிட்டு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா செத்துருவாரு. தறிய ஓட்டப் பணம் வேணும்னுதான் சோணைமுத்துவ விட்டு, கல்யாண வீட்டுக்குன்னு சொல்லிப் பிள்ளையக் கூட்டியாரச் சொன்னேன், போன் பேசச் சொன்னேன்.”

“பொன்னுராஜ அடிக்கிறாகன்னு தெரியுமா?”

அவள் முதல்முறையாகத் தலை குனிந்தாள். “கேட்டேன். போன்ல.”

“கேட்டுட்டு?”

மெகராஜ் துப்பட்டியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் அவளையே பார்த்தாள். திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் சோறு வயிற்றில் இருக்க வேண்டும்.

*

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஹமீது எல்லாவற்றையும் கேட்டார். காயப்போடு என்ற சொல் வந்தபோது பார்வையைச் சுவருக்குத் திருப்பினார். ஹபீபுன்னிசா தங்கையை அடித்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“இது குடும்ப விஷயம்,” என்றார் ஹமீது கடைசியில். “கேஸ் வேண்டாம். சொந்தக்காரங்க வீட்டுல இருந்திருக்கா, எங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னு இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருதேன்.”

போனை எடுத்தார். ஜெயபாய் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அடிக்கட்டையைக் கவிழ்த்து, கண்ணாடித்தாளை நகத்தால் கிழித்தாள். இந்த முறை ஹபீபுன்னிசா தடுக்கவில்லை. ஹேர்பின்னால் பொத்தான்களை ஒன்று விட்டு ஒன்று தள்ளினாள். போனின் பேட்டரி மூடியைத் திறந்து அங்கேயும் அதே மாதிரி.

“இப்பப் பேசுங்க பாய். இனி ஒங்க வீட்டு அழுக்கு ஒங்க வீட்டுலயே கெடக்கும்.”

பொழுது சாயும்போது பொன்னுராஜ் வந்தான். யாரும் கூட்டி வரவில்லை, நடந்துதான் வந்தான். வலது கையை நெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். மூன்று விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி வேறு வேறு திசையைப் பார்த்தன. வாசலில் நின்று முதலில் அவன் கேட்டது: “பாப்பா வந்துருச்சா?”

“வந்துருச்சுப்பா,” என்றார் ஹமீது உள்ளேயிருந்து. “ரெண்டு நாள் ரெஸ்ட் எடு. பொறவு வேலைக்கு வா.”

“எந்தக் கையால கியர் போடுவாரு மொதலாளி?” என்றாள் இசக்கியம்மாள்.

ஹமீது வாயைத் திறந்தார். உள்ளே அசீனா கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார். கதவு மெல்ல மூடிக்கொண்டது.

நாலு பேரும் வாசலில் நின்றார்கள். பிறகு பொன்னுராஜ்தான் முதலில் நடக்கத் தொடங்கினான். தெருமுனை புரோட்டாக் கடையில் ஜெயபாய் நின்றாள். இந்த முறை தவசிமுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் காசில் வாங்கிய புரோட்டாவை இசக்கியம்மாள் பிய்த்துப் புருஷனுக்கு ஊட்டினாள்.

“பீஸ் எம்புட்டு அண்ணாச்சி?” என்று கேட்டான் பொன்னுராஜ், மென்றுகொண்டே.

“நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்லே,” என்றார் தவசிமுத்து. மூடிய அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். “அப்துல் ஹமீது ஒனக்கு ஒரு வலது கை தரணும். அது பாக்கி நிக்கி.”